முன்னமே சொன்ன சாமி ஏன் தடுக்கவில்லை? சிவன்மலைப் பெட்டியும் அவிநாசி முதலையும்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில், வரப்போவதைச் சாமி முன்னமே காட்டுவதாக நம்பப்படும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் பொருள் மாறிவிட்டது என்று செய்தி வந்தால் போதும். சாயங்காலத்துக்குள் திருப்பூர், ஈரோடு, கோவை வாட்ஸ்ஆப் குழுக்களில் அந்தப் படம் சுற்றிவிடும். மண் வைத்திருந்தால் நிலம் விலை ஏறுமா, விழுமா? தண்ணீர் என்றால் வெள்ளமா, வறட்சியா? ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். பேச்சின் நடுவே எப்படியும் ஒருவர் கேட்டுவிடுவார்: "வரப்போறது சாமிக்கு முன்னமே தெரியும்னா, அதைத் தடுத்திருக்கலாமில்லைங்களா?"

இதைக் கேலியாகக் கேட்பவர்களும் உண்டு, வீட்டில் ஒரு சாவைப் பார்த்துவிட்டு வயிறெரிந்து கேட்பவர்களும் உண்டு. பதில் தேடுவதற்கு முன்னால், எதை எதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பெட்டியிலிருந்தே தொடங்குவோம்.

பெட்டிக்குள் பொருள் எப்படி வருகிறது?

1. ஒரு பக்தரின் கனவில் சாமி வந்து, இன்ன பொருளைப் பெட்டியில் வை என்கிறார். பக்தர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

2. அவர் கோயிலுக்கு வந்து கனவைச் சொல்கிறார். சொன்ன உடனே யாரும் பொருளை வைத்துவிடுவதில்லை.

3. சாமி முன்னால் பூப்போட்டுப் பார்க்கிறார்கள். அதாவது வெள்ளைப் பூ, சிவப்புப் பூ என்று தனித்தனிப் பொட்டலம் கட்டி, ஒன்றை எடுக்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு கிடைத்தது என்று கணக்கு. சிவப்பு வந்தால் கனவு கனவோடு போச்சு.

4. உத்தரவு கிடைத்த பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. அடுத்த பக்தருக்கு அடுத்த கனவு வரும்வரை அங்கேயே இருக்கும். சில நாளாகவும் இருக்கலாம், பல மாதமாகவும் இருக்கலாம்.

இந்த நான்கு படிகளிலும் இல்லாத ஒன்று உண்டு. பொருளுக்கு என்ன அர்த்தம் என்று எந்தப் படியிலும் சாமி சொல்வதில்லை. கனவு "வை" என்கிறது, பூ "ஆம்" என்கிறது, அவ்வளவுதான். விலை ஏறும், போர் வரும், மழை கொட்டும் என்பதெல்லாம் பெட்டிக்கு வெளியே நிற்கும் நாம் சேர்ப்பவை. தண்ணீர் வைத்த பிறகுதான் 2004 சுனாமி வந்தது என்பது இந்தப் பெட்டியைப் பற்றி அதிகமாகச் சொல்லப்படும் உதாரணம். கடல் பொங்கி வந்த பிறகுதான் அந்தத் தண்ணீருக்குச் சுனாமி என்ற அர்த்தமே வந்தது. ஆகவே "முன்னமே சொன்ன சாமி" என்ற முதல் பாதியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சாமி சொன்னதாக நாம் நினைப்பதில் முக்கால்வாசி நாம் சொன்னது.

உத்தரவு வேறு, விதி வேறு

"எல்லாம் சாமி விட்ட வழிங்க" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஐந்தாறு தனித்தனிக் கருத்துகள் ஒளிந்திருக்கின்றன.

உத்தரவு அல்லது வாக்கு: ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்று கேட்டுப் பெறும் அனுமதி. போர்வெல் போடலாமா, இந்த இடத்தில் பெண் எடுக்கலாமா, நோம்பி (ஊர்த் திருவிழா) சாட்டலாமா என்று பூப்போட்டுக் கேட்கிறோம். சிலர் பல்லி சத்தத்துக்குக் காத்திருப்பார்கள்.

வினை: செய்ததன் பலன் செய்தவனைத் தேடி வருவது. சைவ சித்தாந்தம் இதை மூன்றாகப் பிரிக்கும். சேர்த்து வைத்திருக்கும் பழவினை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்துக்கொண்டது பிராரத்தம். அதை அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்ந்துகொண்டே போவது ஆகாமியம்.

விதி அல்லது ஊழ்: நம் கைக்கு அப்பாற்பட்ட முறை. இதை நடத்த ஒரு கடவுள் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஏற்காமலேயே வினையை ஏற்றவர்கள் சமணர்கள்.

சோதனை: நல்லவனைப் புடம்போட வரும் துன்பம். கிறிஸ்தவர்களுக்கு யோபுவும் முஸ்லிம்களுக்கு அய்யூப் நபியும் இதற்கு உதாரணம். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன.

அருள்: கணக்கைத் தாண்டி வருவது. தகுதிக்குக் கூலி என்று வந்தால் அதற்கு அருள் என்று பெயரில்லை.

இவற்றில் உத்தரவு மட்டும் திசையில் மாறுபடுகிறது. மற்றதெல்லாம் நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது. உத்தரவு இனிமேல் செய்யப்போவதைப் பற்றியது. பூப்போடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் இது விளங்கும். தோட்டம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள், ஆப்பரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். "என் பையன் ஏன் செத்தான்?" என்று கேட்டுப் பூப்போடுவதில்லை. ஆமா, இல்லை என்று இரண்டே பதில் தெரிந்த பூவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது. நடைமுறையில் நம் ஊர்க்காரர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். பேசும்போதுதான் குழம்புகிறோம்.

பலித்தது போல ஏன் தெரிகிறது?

அற்புதம் என்று சொல்லப்படும் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளுவது சோம்பேறித்தனம். ஆனால் கணக்கு கணக்குதான்.

1. கெடு இல்லாத வாக்கு தோற்காது. மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். ஈரோடு மஞ்சள் மார்க்கெட்டில் விலை அசையாமல் நின்ற வருஷம் ஏது? எது நடந்தாலும் பொருத்திக்கொள்ளலாம்.

2. பூவுக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் வெள்ளை வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. தொடர்ந்து மூன்று முறை வெள்ளை வர 8-ல் 1. ஒருவருக்கு வந்தால் அவருக்கு மயிர்க்கூச்செறியும், நியாயம்தான். ஆனால் 800 பேர் கேட்டால் ஏறக்குறைய 100 பேருக்கு இது தானாகவே வரும்.

3. நிறைவேறாத வேண்டுதல் கோயிலுக்குத் திரும்பி வருவதில்லை. 100 பேர் நோய் தீர வேண்டிக்கொள்கிறார்கள், அந்த நோயில் 70 பேர் எப்படியும் தேறிவிடுவார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த 70 பேர் வந்து மொட்டை போடுவார்கள், கிடா வெட்டுவார்கள், தொட்டில் கட்டுவார்கள். மீதி 30 வீடுகளிலிருந்து யாரும் வந்து "வேண்டினோம், நடக்கவில்லை" என்று கல்வெட்டு வைப்பதில்லை. கோயிலில் நம் கண்ணில் படுவதெல்லாம் தேறியவர்களின் காணிக்கை மட்டுமே.

மூன்றாவதுதான் பெரியது. அந்த 30 வீடுகளைக் கணக்கில் சேர்க்காத எந்த அற்புதக் கதையும் அரைக் கதை.

இந்த ஆபத்து மதங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும்முன் கத்தோலிக்கத் திருச்சபை, அவரிடம் வேண்டியதால் நடந்ததாகச் சொல்லப்படும் சுகத்தை மருத்துவர் குழுவிடம் கொடுத்து விசாரிக்கிறது. சுகம் திடீரென்று வந்திருக்க வேண்டும், முழுமையாக இருக்க வேண்டும், நிலைத்திருக்க வேண்டும், மருத்துவத்தால் விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். 2022 மே 15 அன்று பட்டம் பெற்ற, குமரி மண்ணைச் சேர்ந்த தேவசகாயம் விஷயத்திலும் இந்த விசாரணை நடந்தது. இந்தச் சல்லடையில் பெரும்பாலான அற்புதங்கள் நிற்பதில்லை. நின்றாலும் "விளக்கம் இல்லை" என்று மருத்துவர் சொல்வதற்கும் "கடவுள் செய்தார்" என்று சபை சொல்வதற்கும் நடுவே ஒரு தாவல் இருக்கிறது. அந்தத் தாவலுக்குத்தான் விசுவாசம் என்று பெயர்.

குண்டத்தில் கால் ஏன் வேகவில்லை?

பங்குனியில் சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரி மாரியம்மன் கோயிலில் குண்டம், அதாவது தீமிதி. எரிகரும்பு என்று சொல்லும் விறகை எரித்துத் தணலாக்கி, பூசாரி முதலில் இறங்க, பின்னால் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக இறங்குவார்கள். கடைசியில் ஆடு மாடுகளையும் நடத்திக் கூட்டிப்போவார்கள்.

இதற்கு இயற்பியல் விளக்கம் சுலபம். மரக்கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், மேலே படியும் சாம்பல் அதை இன்னும் தடுக்கும், ஒவ்வோர் அடியும் தணலில் பதியும் நேரம் ஒரு நொடிகூட இல்லை. அதே சூட்டில் ஓர் இரும்புத் தகடு இருந்தால் கதை வேறு. தடுக்கி விழுந்தவர்களுக்குக் காயம் படுவதும் இதனால்தான்.

சரி, விளக்கம் தெரிந்துவிட்டது, குண்டம் நின்றுவிடுமா? நிற்காது. இறங்குகிறவர் தீ சுடாது என்று நிரூபிக்க அங்கே வருவதில்லை. போன வருஷம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்ற வருகிறார். இயற்பியல் பதில் சொல்வது பாதத்துக்கு. அவர் வந்திருப்பது கொடுத்த வாக்குக்கு. இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை. மோதுவதாகக் காட்டிக்கொள்வது பெரும்பாலும் டிவி விவாதங்களில்தான்.

நோயே அம்மனாக வரும்போது

வெளியூர்க்காரர்களுக்கு விளங்காத ஒன்று இது. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, கோவை இருகூரில் உள்ள காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி என்று ஒரு சிலை வைத்தார்கள். நாடு முழுக்கச் செய்தியானது, பலர் சிரித்தார்கள். ஆனால் கோவைக்கு இது புதிதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைக் காலிசெய்த பிளேக்கின் நினைவாக அங்கே பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

அம்மை போட்டால் "அம்மா வந்திருக்கா" என்பதுதான் பழைய பேச்சு. நோயை அனுப்புகிறவளும் அவளே, நோயும் அவளே, ஆற்றுகிறவளும் அவளே. இதில் துன்பம் தண்டனையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வந்தவளைக் குளிர வைத்து, வேப்பிலை கட்டி, மரியாதையாக வழியனுப்ப வேண்டும். நோயாளியை யாரும் "நீ என்ன பாவம் செய்தாய்?" என்று கேட்பதில்லை. அவர் மேலே அம்மாவே இருக்கிறாள். நோயாளியைக் குற்றவாளியாக்காத இந்தப் பண்பு, கொரோனா சமயத்தில் வீட்டு வாசலில் தகரம் அடித்த நம் காலத்து நடத்தையைவிட நாகரிகமாகத்தான் எனக்குப் படுகிறது.

அதே சமயம், பெரியம்மை போனது வேப்பிலையால் அல்ல. அது ஒழிந்துவிட்டது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது தடுப்பூசியின் வெற்றியை. அம்மன் கோயில்கள் அதனால் காலியாகவும் இல்லை. நோய் போன பிறகும் நோம்பி நடக்கிறது.

திருச்செங்கோட்டுக் காய்ச்சல்

"போன ஜென்மத்துப் பாவம்" என்ற விளக்கத்தை நம் ஊர்ப் பக்தி இலக்கியம் எப்படி எதிர்கொண்டது என்று பார்க்க, திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும். தேவாரத்தில் அதன் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். கொங்கு நாட்டில் பாடல்பெற்ற ஏழு தலங்களில் ஒன்று.

திருஞானசம்பந்தர் அங்கே தங்கியிருந்தபோது பனிக்காலத்தில் குளிர்காய்ச்சல் பரவி, கூட வந்த அடியார்களையும் பிடித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. இது இந்த நிலத்தின் இயல்பு என்று அடியார்கள் சொல்கிறார்கள். நிலத்தின் இயல்பே ஆனாலும் நம்மைத் தீண்டாது என்று சொல்லிச் சம்பந்தர் பாடிய பதிகம்தான் திருநீலகண்டம். அதன் தொடக்கம்:

"அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃது அறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே"

அந்தச் செயலுக்கு இந்தப் பலன் என்று சொல்லிக்கொள்வது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறைதானே என்கிறார். வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அவர் அதிலேயே வளர்ந்தவர். படுத்துக்கிடப்பவனிடம் அந்தக் கொள்கையைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைத்தான் குறை என்கிறார். அவருக்கு உய்வழி வழிபாடு. நமக்கு மாத்திரையும் கொசுவலையும் சேரலாம். ஆனால் அந்த முதல் இரண்டு வரி எந்தக் காலத்து நோய்க்கும் செல்லும்.

அவிநாசியின் இரண்டு வீடுகள்

இன்னொரு தலம் அவிநாசி. கதை ஊருக்கே தெரியும், இருந்தாலும் அதன் நடுப்பகுதியை அவசரமாகத் தாண்டிவிடுகிறோம்.

சுந்தரர் சேர நாட்டுக்குப் போகும் வழியில் புக்கொளியூர் அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீதியில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒன்றில் மங்கல ஓசை, மற்றதில் அழுகை. விசாரிக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது, மற்றவன் பிழைத்துவிட்டான். வருஷங்கள் ஓடி, பிழைத்தவனுக்கு இப்போது பூணூல் கல்யாணம். எதிர்வீட்டு மேளச் சத்தத்தில், இருந்திருந்தால் நம் பிள்ளைக்கும் இன்று நடந்திருக்குமே என்று இந்த வீடு அழுகிறது.

துன்பத்தைப் பற்றிய கேள்வியை இதைவிடக் கூர்மையாக வைக்க முடியாது. ஒரே வயது, ஒரே குளம், ஒரே நேரம். முதலை ஏன் இவனை விட்டு அவனை எடுத்தது? "போன ஜென்மம்" என்று இங்கே யாராவது சொல்லியிருக்கலாம். சுந்தரர் சொல்லவில்லை. முதலை போய்ச் சேர்ந்த குளக்கரைக்கு நடந்தார், பாடினார். நான்காம் பாட்டின் கடைசி அடி:

"கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச் சொல்லு காலனையே"

இதில் கெஞ்சல் இல்லை. எமனிடம் சொல்லி முதலையைப் பிள்ளையைத் தரச் சொல் என்று சிவனுக்கே இடும் உத்தரவு. நாம் சாமியிடம் உத்தரவு கேட்கிறோம். இவர் சாமிக்கு உத்தரவு போடுகிறார்! முதலை வந்து பிள்ளையைக் கரையில் விட்டது, அதுவும் இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியோடு. இப்போதும் அவிநாசிக்குப் போகிறவர்கள் முதலை வாயிலிருந்து பிள்ளை வெளியே வரும் சிற்பத்தைத் தேடிப் பார்ப்பார்கள்.

நம்புகிறவர் இதை நடந்ததாக எடுத்துக்கொள்ளட்டும், நம்பாதவர் கதையாக எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு பேருக்கும் மிஞ்சுவது ஒரே கேள்வி: சுந்தரர் வழிப்போக்கராக வராத ஊர்களின் பிள்ளைகள்? பெரியபுராணம் இதற்குப் பதில் சொல்ல முற்படவில்லை. ஓர் அற்புதம் ஒரு வீட்டின் அழுகையை நிறுத்துகிறது, மற்ற வீடுகளைப் பற்றிய கேள்வியை இன்னும் பெரிதாக்குகிறது.

இந்த எதிரெதிர் வீடுகள் தமிழில் அதற்கு முன்பே வந்துவிட்டன. புறநானூற்று 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு என்று தொடங்கி, இப்படிப் படைத்தவனைப் "பண்பிலாளன்" என்று திட்டிவிடுகிறார். இன்னாதது இந்த உலகம், இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைக் கண்டுகொள்ளுங்கள் என்று முடிக்கிறார். அவர் முதலையைக் கூப்பிடவில்லை. சுந்தரரும் நன்கணியாரும் வெவ்வேறு முடிவுக்குப் போனாலும் ஓர் இடத்தில் சேர்கிறார்கள்: அழுகிற வீட்டைப் பார்த்து "உன் தப்பு" என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. கோபம் மேலே போகிறது.

சுந்தரரின் வாய் இப்படித்தான். அவிநாசிக்குப் பக்கத்திலேயே திருமுருகன்பூண்டி. சேர நாட்டிலிருந்து பொருளோடு திரும்பியவரை அங்கே வேடுவர்கள் வழிப்பறி செய்துவிட, சிவனைப் பார்த்து "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று பாடினார். திருட்டு நடக்கிற ஊரில் நீர் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்? வேடுவராக வந்ததே சிவபூதங்கள்தான் என்று புராணம் பின்னால் சமாதானம் சொல்கிறது. பாட்டில் இருப்பது கோபம்.

மறைத்தலும் ஒரு தொழில்

இறைவன் மனம் ஏன் புரியவில்லை என்பதற்குச் சைவ சித்தாந்தம் ஒரு விசித்திரமான பதில் வைத்திருக்கிறது. சிவனுக்கு ஐந்து தொழில்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். நான்காவதைக் கவனியுங்கள். புரியாமல் இருப்பது நம் அறிவுக்குறை மட்டுமில்லை. மறைப்பதே அவன் வேலைகளில் ஒன்று. உயிர் வினையை அனுபவித்துத் தீர்க்கும்வரை திரை இருக்கும் என்பது கொள்கை.

ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் இதை ஏற்பவர், அடுத்த வீட்டுச் சாவுக்கு "இது இதற்காகத்தான் நடந்தது" என்று காரணம் சொல்லும் உரிமையை இழக்கிறார். திரை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே திரைக்குப் பின்னால் இருப்பதை வர்ணிக்க முடியாது.

சுவர் விழுந்தபோது

இந்தக் குழப்பத்தின் விலை என்ன என்று ஒரே ஓர் இடத்தை வைத்துப் பார்க்கலாம். "கடவுளின் செயல்" என்பது சட்டத்திலும் காப்பீட்டிலும் உள்ள ஒரு சொல். மனிதரால் முன்கூட்டிக் கணிக்கவோ தடுக்கவோ முடியாத இயற்கை நிகழ்வு என்று பொருள். பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2020 ஆகஸ்டில் ஜிஎஸ்டி வருவாய்க் குறைவைப் பற்றிப் பேசும்போது நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கொரோனாவை இந்தச் சொல்லால் குறிப்பிட்டதும் பெரிய விவாதமானது. பொறுப்பிலிருந்து விலக்கு கேட்கும் சொல் என்பதால்தான் அவ்வளவு சூடு.

2019 டிசம்பர் 2 விடிவதற்கு முன், மேட்டுப்பாளையம் நடூரில் கொட்டும் மழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்தில் இருந்த தலித் மக்களின் வீடுகள்மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று சொல்லிப் போராட்டம் நடந்தது. அங்கே எழுந்தவை மூன்று கேள்விகள்.

1. மழை ஏன் அப்படிப் பெய்தது? வடகிழக்குப் பருவமழை. வானிலைக்காரர்கள் சொல்வார்கள்.

2. வீடுகளுக்கு மேலே அவ்வளவு உயரத்தில், அப்படி ஒரு சுவர் ஏன் நின்றது? கட்டியவரும் அனுமதித்தவரும் கண்டும் காணாமல் போனவரும் பதில் சொல்ல வேண்டியது. இடம் நீதிமன்றம்.

3. அந்த 17 பேர் ஏன்? அடுத்த வரிசையில் தூங்கியவர்கள் ஏன் இல்லை?

மூன்றாவது, அவிநாசி வீதியில் சுந்தரர் முன்னால் நின்ற அதே கேள்வி. "விதி" என்ற பதிலை மூன்றாவதுக்கு யாராவது சொல்லி அழுது ஆறிக்கொண்டால் அது அந்த வீட்டின் விஷயம். அதே சொல்லை இரண்டாவதுக்குப் பதிலாக வைக்கும்போதுதான் தகராறு. சிவன்மலைப் பெட்டியில் அன்று ஒரு செங்கல்லே இருந்திருந்தாலும், அந்தச் சுவருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் மாறியிருக்க மாட்டார்.